ஆட்டுக்குட்டி யாருக்குச் சொந்தம்?

செந்தூலிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கோலாலம்பூரில் அனிமேஷன் துறை சின்னது, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு என்பதால் சில அடையாளங்களை நானும் மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

2012இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது இவர் ஒரு கதாபாத்திரத்தை வரைந்தார். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளரும், பள்ளிப் பை மாட்டிய ஆட்டுக்குட்டி. ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். 2014இல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி பதிந்து ஸ்டூடியோ தொடங்கினார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாதச் சம்பளமும் உண்டு. ஆட்டுக்குட்டி தொடராக வந்தது, பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது, பென்சில் பெட்டியிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஏறியது. 2018இல் கையில் காசு இல்லாத நேரம் ஒரு தொழிலதிபர் 3 லட்சம் ரிங்கிட் கடன் கொடுத்தார். 2020இல் அந்தக் கடன் பங்காக மாறியது. இன்று அவரிடம் 55 விழுக்காடு, தொடங்கிய மூவரிடமும் தலா 15.

இப்போது ஒரு சிங்கப்பூர் நிறுவனம் ஸ்டூடியோவை மொத்தமாக வாங்க வருகிறது. வாசகியின் பங்குக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரிங்கிட் விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்று பத்திரங்கள் மின்னஞ்சலில் வந்திருக்கின்றன: பங்கு விற்பனை ஒப்பந்தம், படைப்புரிமை மாற்றத்தை 'உறுதிப்படுத்தும்' இரண்டு பக்கப் பத்திரம், புதிய வேலை ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

அவர் கேட்பது: "குட்டியை வரைந்தது நான். நான் சம்மதிக்காமல் விற்க முடியாதுதானே? படங்களை எனக்கே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். 'கம்பெனி எங்கே போனாலும் குட்டி உன்னுடையதுதான்' என்று நண்பர் பல தடவை சொல்லியிருக்கிறார். 15 விழுக்காட்டை வைத்து விற்பனையைத் தடுக்கலாமா? இல்லையென்றால் ஆட்குறைப்புப் பணமாவது கிடைக்குமா? எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளின் கதி என்ன?"

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்திருக்கும் மூன்று பத்திரங்களில் நீங்கள் பெரிதாக நினைப்பது விலை எழுதிய முதல் பத்திரம். எனக்கு உறுத்துவது அந்த இரண்டு பக்கப் பத்திரம். அதில் பிரதிபலன், அதாவது உரிமைக்கு ஈடாகத் தரும் தொகை, 10 ரிங்கிட் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 'கம்பெனி பதியப்படுவதற்கு முன் உருவானவை உட்பட' எல்லா உரிமைகளையும் மாற்றித் தருவதாக ஒரு வரி இருப்பதையும் நீங்களே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்காக இப்படி ஒரு வரியை யாரும் எழுதமாட்டார்கள். வாங்குகிறவரின் வழக்கறிஞர் கோப்புகளைப் புரட்டி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஓட்டைதான் உங்கள் பலம்.

வரைந்தவருக்கே சொந்தமா?

எப்போதும் இல்லை. நமது 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி படைப்பின் முதல் உரிமையாளர் படைத்தவர்தான். ஆனால் வேலையின் ஒரு பகுதியாகச் செய்தது முதலாளிக்கு மாறியதாகக் கருதப்படும். வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் விலக்கு. வெளியாள் காசு கொடுத்து வரையச் சொன்னாலும் இதே கதைதான். உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். ஃப்ரீலான்ஸ் செய்யும் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் கேட்ட சட்டத்தை இங்கே பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

ஆகவே 2014இலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் செய்த முப்பரிமாண மாடல், புதிய முகபாவங்கள், துணைப் பாத்திரங்கள், தொடரின் எபிசோடுகள் எல்லாம் கம்பெனியுடையவை. அதில் வாதாட இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2012 நோட்டுப்புத்தகம் வேறு. அன்று கம்பெனியே கிடையாது. உங்களுக்கு முதலாளி இல்லை, யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லவில்லை. அந்தப் பென்சில் கோட்டோவியங்களின் உரிமை உங்களிடம் பிறந்தது. அது கைமாற வேண்டுமானால் 27ஆவது பிரிவுப்படி எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வேறு எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது இன்றும் உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும். மூலப் படம் ஒருவருடையது, அதிலிருந்து வளர்ந்த தொடர் இன்னொருவருடையது என்ற நிலை சட்டத்துக்குப் புதிதல்ல.

அனிமேஷன் வரலாற்றிலும் புதிதல்ல. பாப்பாய் கார்ட்டூன்களை எடுத்த ஃபிளைஷர் ஸ்டூடியோ 1938இல் நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு இடம்பெயர்ந்தது. அதற்குக் கடன் கொடுத்தது, படங்களை விநியோகித்த பாரமவுண்ட். சில ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது, அதைத் தொடங்கிய மாக்ஸ், டேவ் என்ற அண்ணன் தம்பிக்குள்ளும் பேச்சு நின்றது. 1941இல் ஸ்டூடியோ பாரமவுண்டின் கைக்குள் போய், 1942இல் பெயரும் ஃபேமஸ் ஸ்டூடியோஸ் என்று மாறியது. தொடங்கிய மாக்ஸும் டேவும் வெளியே. உங்கள் 2018 கடனைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் கவனியுங்கள், ஸ்டூடியோ கைமாறியபோதும் பாப்பாய் பாரமவுண்டின் சொத்தாகிவிடவில்லை. அவன் 1929இல் நாளிதழ்ச் சித்திரக்கதையில் பிறந்தவன், அப்போது கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தவன். ஸ்டூடியோவிடம் இருந்தது உரிமம் மட்டும்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1927இல் வால்ட் டிஸ்னி யுனிவர்சலுக்காக ஆஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கூடுதல் பணம் கேட்கப் போனபோதுதான் முயல் யுனிவர்சலின் சொத்து என்பது அவருக்கு உறைத்தது. வால்ட்டின் அனிமேட்டர்களில் பெரும்பாலோரை இடைத்தரகர் சார்லஸ் மின்ட்ஸ் ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தார். அந்த முயல் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது 2006இல்தான். அதுவும் ஒரு விளையாட்டு வர்ணனையாளரை என்பிசி தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்த பேரத்தில். வால்ட் இறந்து அப்போது ஏறக்குறைய 40 ஆண்டு.

நீங்கள் பாப்பாய் பக்கமா, ஆஸ்வால்ட் பக்கமா என்பதை மூன்று காகிதங்கள் தீர்மானிக்கும். ஒன்று, 2020இல் கடன் பங்காக மாறியபோது நீங்கள் கையெழுத்திட்ட பங்குதாரர் ஒப்பந்தம். காப்பிக் கடையில் உட்கார்ந்து, படிக்காமல் போட்டேன் என்கிறீர்கள். முதலீட்டாளர்கள் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் 'நிறுவனர்களின் எல்லாப் படைப்புகளும் கம்பெனிக்கு' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அந்த வரி அங்கே இருந்தால் மேலே சொன்ன பலம் பெரும்பாலும் கரைந்துவிடும். இரண்டு, உங்கள் வேலை ஒப்பந்தம். மூன்று, கல்லூரியின் மாணவர் விதிகள். இறுதியாண்டுத் திட்டத்தின் உரிமை தங்களுக்கே என்று சில கல்லூரிகள் எழுதி வைத்திருக்கும். யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

தபால் உறையைப் பற்றி: பெரும்பாலான வழக்கில் அது வெறும் உறை. பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. படம் காகிதத்தில் ஏறியதும் உரிமை வந்துவிட்டது. நிரூபிக்கத்தான் ஆதாரம் வேண்டும். தேதி போட்ட நோட்டுப் பக்கம், 2012இல் ஸ்கேன் செய்து விரிவுரையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்த தாள் எல்லாம் அந்த உறையைவிட நன்றாகப் பேசும். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், சத்தியப் பிரமாணத்தோடு தன்னிச்சையாக அறிவிக்கும் வசதியும் இருக்கிறது. அங்கேயே ஆட்டுக்குட்டியின் பெயரும் சின்னமும் வணிக முத்திரையாக யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். வணிக முத்திரை வேறு சட்டம். ஓவியம் உங்களுடையதாக இருந்தாலும் போத்தலில் அச்சாகும் பெயர் கம்பெனியுடையதாக இருக்கலாம்.

நண்பரின் வாய்வார்த்தை? அவர் மனதாரச் சொல்லியிருக்கலாம். சட்டப்படி உரிமை மாற்றத்துக்கு எழுத்து வேண்டும் என்பதால் கம்பெனியுடைய உரிமை அந்த வார்த்தையால் உங்களிடம் வந்துவிடாது. ஆனால் வாட்ஸ்அப்பில் எங்காவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். மூலப் படம் உங்களுடையது என்று கம்பெனியே நினைத்திருந்தது என்று காட்ட அது உதவும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக உங்கள் கண்முன்னே, உங்கள் சம்மதத்தோடுதான் கம்பெனி குட்டியைப் பயன்படுத்தியது. இன்று திடீரென்று 'நிறுத்து' என்று வழக்குப் போட்டால், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். ஆகவே நீதிமன்றத்தைவிடப் பேச்சுவார்த்தை மேசையில்தான் இந்த உரிமைக்கு மதிப்பு அதிகம்.

15 விழுக்காடு எதைச் செய்யும், எதைச் செய்யாது

தனியாக விற்பனையைத் தடுக்காது. சிறப்புத் தீர்மானத்துக்கே 75 விழுக்காடு போதும். அதைத் தடுக்க 25க்கு மேல் கையில் இருக்க வேண்டும். 55 வைத்திருப்பவர் தன் பங்கைத் தன் விருப்பப்படி விற்கலாம். அதே சமயம், உங்கள் பங்கை உங்களிடமிருந்து பிடுங்கவும் அவரால் முடியாது, 2020 ஒப்பந்தத்தில் அதற்கு வழி வைத்திருந்தால் ஒழிய. பெரும்பான்மைக்காரர் விற்கும்போது மற்றவர்களும் அதே விலைக்கு விற்றே ஆக வேண்டும் என்ற ஷரத்து அப்படிப்பட்ட வழி. அதேபோல, வெளியாளுக்கு விற்கும் முன் பழைய பங்குதாரர்களிடம் கேட்க வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கலாம். அது உங்களுக்குச் சாதகம். ஒப்பந்தப் பிரதி தொலைந்துவிட்டது என்கிறீர்கள். கம்பெனி செயலாளரிடம் இருக்கும், எழுத்தில் கேளுங்கள். கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் கட்டினால் பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன, கம்பெனி சொத்தின் மேல் யாருக்கு அடமானப் பதிவு இருக்கிறது என்ற விவரம் கிடைக்கும். 2018 கடனுக்கு ஈடாகத் தொடரின் உரிமைகளே எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது அங்கே தெரிந்துவிடும்.

2016 கம்பெனிச் சட்டத்தின் 346ஆவது பிரிவு சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கினால் நீதிமன்றம் போக வழி தருகிறது. ஆனால் விற்பனை பிடிக்கவில்லை என்பது நசுக்கல் ஆகாது. உங்களுக்கு ஒரு விலை, முதலீட்டாளருக்கு ஒளித்து வேறு விலை என்றால் அது வேறு பேச்சு. அதைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு பங்குக்கு எல்லாருக்கும் ஒரே விலையா?

தடுத்துத்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். விற்காவிட்டால் ஸ்டூடியோ இப்படியே ஓடும் என்று கடிதத்தில் எங்கோ ஒரு நம்பிக்கை தெரிகிறது. நம் ஊரிலும் கிளை வைத்திருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற காட்சி விளைவு ஸ்டூடியோ 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. பாண்டிச்சேரிப் பையனும் புலியும் படகில் போகும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக அவர்களின் வேலைக்கு ஆஸ்கார் கிடைத்ததும் அதே மாதம்தான். பெயர் கிடைப்பதால் சம்பளப் பட்டுவாடா நடந்துவிடாது. உங்கள் கம்பெனியில் ஊழியர் சேமநிதியான இபிஎப் கட்டுவதே தள்ளிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே.

வேலையும் ஆட்குறைப்புப் பணமும்

இங்கே நடப்பது பங்கு விற்பனை. முதலாளி என்பது கம்பெனிதான். அதன் பங்குதாரர்கள் மாறினாலும் முதலாளி மாறவில்லை. யாரும் வேலையை இழக்காதபோது ஆட்குறைப்புப் பணம் என்ற பேச்சே எழாது. தொழிலையே பிரித்து இன்னொரு கம்பெனிக்கு விற்றால்தான் 1980ஆம் ஆண்டு பணிநீக்க, ஆட்குறைப்புப் பலன் விதிமுறைகள் வரும். அப்போது புதிய முதலாளி 7 நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வர வேண்டும். வராவிட்டால் பணிநீக்கப் பலன் உண்டு.

அதனால்தான் மூன்றாவது பத்திரத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். முதலாளி மாறவில்லை என்றால் புதிய வேலை ஒப்பந்தம் எதற்கு? அதில் முதலாளி என்று எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, பழைய சேவைக் காலம் தொடரும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். 2,800 ரிங்கிட் வாங்கும், 6 வருடம் வேலை செய்த ஒருவர் பின்னால் ஆட்குறைப்பில் போனால் வருடத்துக்கு 20 நாள் வீதம் 120 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். 1 முதல் 2 வருடத்துக்குள் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 10 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 15 நாள். சேவைக் காலம் புதிதாகத் தொடங்குகிறது என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அந்த 6 வருடத்தின் கணக்கு சிக்கலாகிவிடும். இந்தப் பலன் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் சம்பளம் 5,200. ஆகவே உங்களுக்கு உங்கள் ஒப்பந்தம் சொல்வதுதான். காரணமில்லாமல் நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் புகார் செய்யும் உரிமை மட்டும் சம்பளம் எவ்வளவானாலும் உண்டு.

வெளியேறிப் புதிதாகத் தொடங்கும் வழியும் இருக்கிறது. 'உப்பின் இப்பின்' கார்ட்டூன் தொடர் உருவான லெஸ் கொபாக் நிறுவனத்தில் வேலை செய்த இளைஞர்கள் 2009இல் அனிமோன்ஸ்தா ஸ்டூடியோவைத் தொடங்கி, 2011இல் 'போபோய்போய்' தொடரைக் கொண்டுவந்தார்கள். பழைய பாத்திரங்களை அங்கேயே விட்டுவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். வேலையை விட்டபின் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் ஊழியர் மட்டுமல்ல, விற்பவரும்கூட. ஆகவே அந்த ஷரத்து வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் எனக்குக் கவலை குறைவு. பங்கு விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தால் எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று

2019இல் இயக்குநராக இருந்தபோது வங்கிக் கடனுக்கு மூவரும் ஜாமீன் போட்டோம் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பங்கை விற்றாலும், வேலையை விட்டாலும், இயக்குநர் பதவியிலிருந்து விலகினாலும் ஜாமீன் தானாக ரத்தாவதில்லை. நாளைக்குப் புதிய முதலாளி கடனைக் கட்டாவிட்டால் வங்கி செந்தூலுக்குத்தான் கடிதம் அனுப்பும். வங்கி எழுத்தில் உங்களை விடுவித்த பிறகே பங்கு மாற்றம் முடியும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை வையுங்கள். 'பின்னால் பார்த்துக்கொள்கிறோம்' என்பதை ஏற்காதீர்கள்.

பேரத்தில் என்ன கேட்கலாம்

2020 ஒப்பந்தத்தில் உங்கள் மூல உரிமை எழுதிக் கொடுக்கப்படவில்லை என்று உறுதியானால், இரண்டாவது பத்திரத்துக்கு 10 ரிங்கிட் விலை கிடையாது. என் பார்வையில் சரியான முதல் கோரிக்கை, உரிமையை விற்காமல் உரிமம் மட்டும் தருவது. வாங்குபவர் ஒப்புக்கொள்வது கடினம். முழு உரிமை இல்லாமல் அவர் பணம் போடத் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் விற்கலாம், ஆனால் தனி விலைக்கு, பொருள் விற்பனையில் ஒரு விகிதத்தோடு. குறிப்பிட்ட வருடங்களுக்குப் புதிய எபிசோடு எதுவும் வராமல் குட்டியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற ஷரத்தை நான் பணத்தைவிட முக்கியமாக நினைப்பேன். ஒரு பெரிய நிறுவனம் சின்ன ஸ்டூடியோவை வாங்கிய பின் மூடிவிடுவது நடக்கிற காரியம். 2019இல் ஃபாக்ஸோடு சேர்த்து டிஸ்னியிடம் வந்த புளூ ஸ்கை ஸ்டூடியோவை 2021இல் மூடினார்கள்.

படைப்பாளர் என்று உங்கள் பெயர் வருவது, படைப்பைக் கெடுக்கும்படி சிதைக்காமல் இருப்பது ஆகிய இரண்டும் 25ஆவது பிரிவில் உங்களுக்குத் தனியாக உள்ள உரிமைகள். உரிமையை விற்ற பிறகும் இவை இருக்கும், நீங்களாகச் சம்மதம் எழுதிக் கொடுக்காத வரை. அந்த இரண்டு பக்கத்தில் அப்படி ஒரு சம்மத வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தனிநபர் பட்டியலிடப்படாத பங்கை விற்றால் 2024இல் வந்த மூலதன ஆதாய வரி பொருந்தாது. அது கம்பெனிகள் போன்ற அமைப்புகளுக்குத்தான். உரிமையை விற்கும் பணத்துக்கும் ராயல்டிக்கும் வேறு கணக்கு, அதைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்பது அவர்களுடைய வசதி. அன்று கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நண்பரிடம் தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், இன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'பத்திரங்கள் கிடைத்தன. வழக்கறிஞரின் ஆலோசனை பெற எனக்கு 14 நாள் வேண்டும். 2020 பங்குதாரர் ஒப்பந்தம், கம்பெனி அமைப்பு விதிகள், வங்கி ஜாமீன் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை அனுப்பவும். அதுவரை எந்த உரிமையையும் நான் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டாம்.' பிரதிகள் வந்ததும், 2012 பக்கங்களின் ஸ்கேனையும் சேர்த்து, அறிவுசார் சொத்து வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கம்பெனியின் வழக்கறிஞரே உங்களுக்கும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.